தடுப்பாற்றல் ஒடுக்க மருந்து பெறுவோர்க்கான தடுப்பூசி

முடக்குவாதம், குடலழற்சி முதலிய நாட்பட்ட அழற்சி நோய்களுக்காக நோயெதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளைப் பெறுவோரைத் தொற்றிலிருந்து காக்க, உரிய காலம் கணித்து இடப்படும் தடுப்பூசி. உயிரற்ற கிருமியாலோ அதன் கூறுகளாலோ ஆன இன்ஃபுளூயன்சா, நிமோகாக்கல், ஹெபடைடிஸ் பி ஊசிகளை இவர்கள் பெறலாம். எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்கும் புரதம்) குறைவாக உருவாகக்கூடும் என்பதே அவற்றின் குறை. 2022இல் வெளியான கொச்சியின் மிவாக் எனும் ஆய்வுகள், கோவிஷீல்டு என்னும் கோவிட் தடுப்பூசிக்குப்பின் மெத்தோட்ரெக்சேட்டை இரு வாரம் நிறுத்தியோரிடம் எதிர்ப்பொருள் மிகுந்ததைக் காட்டின. ஆயினும் நிறுத்தம் மூட்டழற்சியை மீளத் தூண்டக்கூடுமாதலால் அது மருத்துவர் முடிவுக்கு உரியது. தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் முதலிய உயிருள்ள நலிவுற்ற கிருமி ஊசிகள் பொதுவாக விலக்கப்படுகின்றன. இந்தியாவெங்கும் பிறந்தவுடன் இடப்படும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. அவ்வகையினதாதலின், கருவுற்ற காலத்தில் இன்ஃபிளிக்சிமாப் என்னும் நோயெதிர்ப்புத் தணிப்பு மருந்தைப் பெற்ற தாய் அதனைப் பேறுகால மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது; அக்குழந்தைக்குப் பி.சி.ஜி. குறைந்தது 6 மாதம் தள்ளிவைக்கப்படும்.