நஞ்சையும் புஞ்சையும்

இங்கிலீஷில் 'வெட்', 'டிரை' என்று இரண்டு சின்னச் சொற்கள். ஒன்று ஈரம், மற்றொன்று ஈரமற்றது. எதிர்ப்பதம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் இரண்டில் எது நல்லது என்று கேட்டால், யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் கேட்டால் சந்தேகமில்லாமல் 'வெட்'தான். துரைமார் ரயத்துவாரிக் கணக்கு எழுதியபோது ஏரிப் பாய்ச்சலுள்ள நஞ்சையை 'வெட்' என்றும், வானம் பார்த்த புஞ்சையை 'டிரை' என்றும் குறித்தார்கள். நஞ்சைக்குத் தீர்வை அதிகம், மதிப்பும் அதிகம். புஞ்சைக்காரருக்குக் கம்பும் கேழ்வரகும் மல்லாட்டையும்தான்.

கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனால் கதை தலைகீழ். 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு. அதை ஆதரித்தவர் 'டிரை', எதிர்த்தவர் 'வெட்'. அந்த ஈரம் வயலை நனைப்பதல்ல, தொண்டையை நனைப்பது!

இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரு மனிதரிடம் வந்து சந்தித்தன. அவர்தான் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1895இல் அவ்வூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார். முதலமைச்சருக்கு அந்நாளில் அதுதான் பெயர். ராஜாஜி 1937இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2 அன்று, மாகாணம் முழுவதற்கும் வந்தது. மண்ணில் ஈரம் வேண்டுமென்று வானத்தைப் பார்த்த குடியானவர், மாகாணத்தையே 'டிரை' ஆக்கினார்!

அதனால் கஜானாவும் காயத்தான் செய்தது. கள்ளு, சாராய வரும்படி போன இடத்தை நிரப்பத்தான் ராஜாஜி 1939இலேயே விற்பனை வரி கொண்டுவந்திருந்தார். மது போனாலும் அந்த வரி போகவில்லை. மது திரும்பி வந்தபோதும் போகவில்லை.

ரெட்டியார் 1949இல் பதவியை விட்டார். வள்ளலார் பக்தரான அவர் பிற்காலத்தை வடலூரில் கழித்து, 1970 ஆகஸ்டில் மறைந்தார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1971 ஆகஸ்டில், மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. பிறகு மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. கடை திறந்திருந்தால் கள்ளச் சாராயம் ஒழியும் என்பார்கள். 2023 மே மாதம், ஓமந்தூருக்குத் தொலைவில்லாத மரக்காணம் பக்கத்தில், விஷச் சாராயம் பத்துப் பேருக்குமேல் பலி கொண்டது. கடைகள் திறந்துதான் இருந்தன.

'டிரை' என்ற சொல் மட்டும் சாகவில்லை. காந்தி ஜயந்தியன்று கடைக்கு விடுமுறை. அதற்கு 'டிரை டே' என்று பெயர். அக்டோபர் 2 முதல் என்று ரெட்டியார் காலத்தில் சட்டம் சொன்னது. அக்டோபர் 2 மட்டும் என்று நாம் அதைத் திருத்திக்கொண்டோம்.