ஒரே மாதம், இரண்டு இடங்கள்: திப்புவின் நாள்காட்டியும் தேதி மாற்றும் சிறுநிரல்களும்

ஸ்ரீரங்கப்பட்டணத்து அக்கசாலையில் அச்சிடப்பட்ட திப்பு சுல்தானின் நாணயங்கள் சிலவற்றில் ஆண்டெண் 5121 என்பதுபோல் தோன்றும். அதை வலமிருந்து இடமாக 1215 என்று படிக்க வேண்டும். அப்படிப் படித்த பின்னும் ஓர் இடர் உண்டு. அதனை ஹிஜ்ரி ஆண்டாகக் கொண்டு மாற்றினால் கி.பி. 1800-01 கிடைக்கும். திப்புவோ 1799 மே 4 அன்றே கோட்டைப் போரில் மாண்டுவிட்டார். இறந்த மன்னர் நாணயம் வெளியிட்டதாக முடியும் இந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. பிழை, பயன்படுத்திய அட்டவணையில் இருக்கிறது.

திப்பு 1787இல் ‘மௌலூதி’ என்னும் புதிய ஆண்டுக் கணக்கை நடைமுறைப்படுத்தினார். ஹிஜ்ரி ஆண்டு முழுக்கச் சந்திரனைச் சார்ந்தது. ஏறத்தாழ 354 நாள்களைக் கொண்டது. மௌலூதி ஆண்டோ உள்ளூர்ப் பஞ்சாங்கத்தை ஒட்டி, இடையிடையே அதிக மாதம் சேர்த்துப் பருவங்களோடு இணைந்து சென்றது. அதன் எண்ணுடன் 572ஐக் கூட்டினால் ஆண்டின் தொடக்கம் விழும் கி.பி. ஆண்டு கிடைக்கும். எனவே 1215 என்பது 1787ஆகும்.

அவர் ஆண்டுகளுக்குப் பெயரும் இட்டார். பெயரின் எழுத்து மதிப்புகளைக் கூட்டினால் அறுபதாண்டுச் சுழற்சியில் அந்த ஆண்டின் வரிசை எண் வரும். 1785-86, அச்சுழற்சியின் 39ஆம் ஆண்டான விசுவாவசு. அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஜலோ’. பழைய ‘அப்ஜத்’ முறைப்படி ஜீம் 3, லாம் 30, வாவ் 6, கூட்டினால் 39. 1787இல் எழுத்து மதிப்பின் அட்டவணையே மாறியது. அரபு நெடுங்கணக்கின் வரிசையைப் பின்பற்றும் ‘அப்தத்’ முறை வந்தது. அவ்வாண்டு, 41ஆவதான பிலவங்க, ‘ஷா’ எனப் பெயர் பெற்றது: ஷீன் 40, அலிஃப் 1. இதே பெயரைப் பழைய முறையில் கூட்டினால் 301 வரும். அறுபதாண்டுச் சுழற்சியில் 301ஆம் ஆண்டு கிடையாது.

மாதப் பெயர்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அவற்றின் முதலெழுத்தே மாதத்தின் வரிசையைக் குறித்தது. ஆதலால் எழுத்து மதிப்பு மாறியபோது மாதங்களும் இடம் மாறின. முதல் முறையில் மூன்றாம் மாதமாக இருந்த ‘ஜஃபரி’ இரண்டாம் முறையில் ஐந்தாம் மாதமானது. எட்டாவதாக இருந்த ‘ஹைதரி’ ஆறாவதானது. வில்லியம் கிர்க்பாட்ரிக் 1811இல் வெளியிட்ட திப்புவின் கடிதத் தொகுப்பைப் பயன்படுத்துவோர் இதை மனத்திற்கொள்ள வேண்டும். போரும் உடன்படிக்கையும் அடுத்தடுத்து வந்த காலத்தில் இரண்டு மாதப் பிழை, விளைவைக் காரணமாகவும் காரணத்தை விளைவாகவும் காட்டிவிடும்.

முற்காலத்தில் இத்தகைய மாற்றங்களுக்கு அச்சிட்ட அட்டவணைகளே துணை. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் 1911, 1922ஆம் ஆண்டு வெளியீடுகள் தென்னிந்தியக் கல்வெட்டாய்வுக்கு இன்றும் கைகொடுக்கின்றன. அவற்றின் இடத்தை இப்போது பத்து வரிச் சிறுநிரல்கள் பிடித்து வருகின்றன. சுவடிப் பட்டியலின் ஆயிரம் தேதிகளையும் அவை நொடியில் மாற்றிவிடும். ஆனால் அச்சு அட்டவணையின் தலைப்பில் கண்ணுக்குத் தெரிந்த முடிவு, நிரலுக்குள் போனதும் மறைந்துவிடுகிறது.

யூனிக்ஸ் கணினிகளின் ‘கேல்’ கட்டளை இதற்கு நன்கறிந்த சான்று. 1752 செப்டம்பரைக் கேட்டால், 2ஆம் தேதிக்கு அடுத்து 14ஐக் காட்டும். பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் கிரிகோரியன் முறைக்கு மாறிய மாதம் அது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த புதுச்சேரியிலோ, பிரெஞ்சுக்காரர்கள் அம்முறையை ஏற்கெனவே கையாண்டுவந்தார்கள். அங்கே அந்தப் பதினொரு நாள்கள் தொலையவில்லை. இந்தக் கட்டளையின் ஒரு வகையில் நாட்டைக் குறிப்பிட்டு மாறுதல் நாளைத் தெரிவுசெய்யலாம். தெரிவுசெய்யாதவருக்கு நிரலை எழுதியவரின் முடிவே வரலாறாகிவிடும்.

ஆகவே தேதி மாற்றும் நிரலில் மூன்று ஒழுங்குகள் வேண்டும். மூலத்தில் உள்ள தேதியை அழிக்காமல் தனி நிரலில் இல்லாவிடினும் தனிப் பத்தியிலேனும் காக்க வேண்டும். எந்த அட்டவணை, எந்த ஆண்டுமுதல் எந்த ஆண்டுவரை செல்லும் என்பதை நிரலின் உடலில் புதைக்காமல் அமைவுக் கோப்பில் வெளிப்படையாக எழுத வேண்டும். விடை வரம்பை மீறினால் நிரல் நின்று எச்சரிக்க வேண்டும். மூன்றாவதற்கான வழியைத் திப்புவின் ஆண்டுப் பெயர்களே தருகின்றன. ‘ஜலோ’ என்றால் முதல் அட்டவணை, ‘ஷா’ என்றால் இரண்டாவது. கூட்டுத்தொகை 60ஐத் தாண்டினால், எடுத்த அட்டவணை தவறு.