ஒரு மாதம் முந்தி ஓய்வு பெற்றவர்

டிசம்பர் 17 பென்ஷனர் தினம். எங்கள் சங்கத்தில் வடை, காபி கொடுத்து, வயதில் மூத்தவருக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிடுவார்கள். ஏன் அந்தத் தேதி என்று போன வருடம் ஒருவர் கேட்டார். எனக்கு எங்கள் சூப்பிரண்டு நினைவுதான் வந்தது.

1979ல் புதுச்சேரியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் எழுத்தர். எங்கள் சூப்பிரண்டு பிப்ரவரி 28ஆம் தேதி ஓய்வு பெற்றார். பக்கத்துப் பிரிவு சூப்பிரண்டு மார்ச் 31ஆம் தேதி. ஒரே சம்பள விகிதம், ஏறக்குறைய ஒரே சர்வீஸ். இருவருடைய பென்ஷன் பேப்பரையும் தயார் செய்தவன் நான்தான்.

அந்த மே 25ஆம் தேதி ஓர் உத்தரவு வந்தது. அதுவரை கடைசி 36 மாதச் சம்பளத்தின் சராசரியில் பென்ஷன் போட்டோம். இனி கடைசி 10 மாதச் சராசரி போதும். அதில் முதல் 1000 ரூபாய்க்கு 50 சதவீதம், அடுத்த 500க்கு 45, மீதிக்கு 40. நல்ல உத்தரவுதான். ஆனால் 1979 மார்ச் 31 அன்றும் அதற்குப் பின்னும் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். எங்கள் சூப்பிரண்டுக்கு மாதம் எழுபது ரூபாய்க்குப் பக்கம் குறைந்தது. அன்றைக்கு அது ஒரு வீட்டின் பால், மளிகைக் கணக்கு. "தம்பி, எங்கம்மா என்னை ஒரு மாசம் முந்திப் பெத்துட்டா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது எனக்கு ஏன் அவ்வளவு உறுத்தியது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் எதிர்வீட்டில் இந்தோசீனாவிலிருந்து திரும்பிய சொல்தா ஒருவர் இருந்தார். நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அவருக்கு வரும் பென்ஷன் கடிதங்களையெல்லாம் என்னிடம்தான் கொண்டுவருவார். பிரான்சில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அதை ஒரு புள்ளியின் மதிப்பால் பெருக்கினால் சம்பளம். 1948 செப்டம்பர் 20ஆம் தேதிச் சட்டம் பென்ஷனையும் அதே எண்ணோடு கட்டிவிட்டது. புள்ளி உயர்ந்தால் வேலையில் இருப்பவருக்கும் உயரும், வீட்டில் இருப்பவருக்கும் உயரும். இதற்கு 'பெரெக்குவாசியோன்' என்று பெயர். எந்தத் தேதியில் ஓய்வு பெற்றீர் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம், இந்தப் பக்கம் ஒரு நியாயம்!

டெல்லியில் டி.எஸ். நகாரா என்பவர் இதைச் சும்மா விடவில்லை. பாதுகாப்புத் துறையில் நிதி ஆலோசகராக இருந்து 1972ல் ஓய்வு பெற்றவர். ராணுவத்தில் இருந்த ஒருவரும் 'காமன் காஸ்' என்ற சங்கமும் அவரோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.ஏ. தேசாய். பென்ஷன் எஜமானர் மனமிரங்கிக் கொடுக்கும் இனாம் இல்லை, செய்த வேலைக்கு உரிய பாத்தியம். ஒரே விதியில் பென்ஷன் வாங்குகிறவர்களை ஒரு தேதியை வைத்து இரண்டாகப் பிரிக்க முடியாது என்பது சாரம். அந்தத் தீர்ப்பு வந்த நாள் 1982 டிசம்பர் 17.

சூப்பிரண்டின் பேப்பரை நானே மறுபடி போட்டேன். 1979 மார்ச் 31க்கு முந்திய நாட்களுக்குப் பாக்கி கிடையாது. அவருக்கு அது ஒரே மாதம்தான். 1960களில் போனவர்களுக்கோ பழைய வருடங்கள் போனது போனதுதான்.

அதன் பிறகும் ஒவ்வொரு சம்பளக் கமிஷனும் வரும்போது பழையவர், புதியவர் சண்டை வரத்தான் செய்தது. நீதிபதி ரத்னவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாவது கமிஷன்தான் 1986க்கு முன் ஓய்வு பெற்றவர்களைப் பின்னால் வந்தவர்களுக்குச் சமமாகக் கொண்டுவந்தது. நம்மில் பலருடைய மூத்தவர்கள் அதனால்தான் கடைசிக் காலத்தில் கௌரவமாக வாழ்ந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரான்சிலும் அந்தப் பெரெக்குவாசியோன் இப்போது இல்லை. 2003ல் சட்டத்தை மாற்றி, 2004 ஜனவரி முதல் பென்ஷனை விலைவாசியோடு இணைத்துவிட்டார்கள். அதே 2004 ஜனவரி 1ஆம் தேதிதான் இங்கேயும், ராணுவம் தவிர, மத்திய அரசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்று ஆனது. என் அண்ணன் மகன் 2006ல் சேர்ந்தவன். அவனுக்கு மூன்று வருடம் முந்திச் சேர்ந்தவர் பக்கத்து நாற்காலியில் அதே வேலையைத்தான் பார்க்கிறார். போன வாரம் புதிய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தின் காகிதங்களைக் கொண்டுவந்து, "சித்தப்பா, இதுல சேர்ந்தா நல்லதா?" என்றான். கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி, 25 வருடச் சர்வீஸ் வேண்டும் என்று போட்டிருந்தது. பென்சில் எடுத்து அவனுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.