நாய் இழுக்கிறது... எந்தப் பட்டை வாங்குவது? ஒரு சின்ன வரலாறு



சாயங்காலம் கோவளம் கடற்கரைப் பக்கம் போனால் ஒரு சந்தேகம் வரும். மனிதர் நாயை நடத்திக்கொண்டு போகிறாரா, நாய் மனிதரை நடத்திக்கொண்டு போகிறதா? :) வாரைப் பிடித்தவர் பின்னால் சாய்ந்துகொண்டு வருவார், நாய் முன்னால் மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு ஓடும். பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "சோக் செயின் போடுங்க, ஒரே நாள்ல அடங்கிடும்." "முள்ளு பெல்ட் வாங்குங்க." "பெல்ட்டே வேண்டாம், ஹார்னஸ் மாட்டுங்க."

கடையில் இவை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவதால் ஒரே பொருளின் பல ரகங்கள் மாதிரி தெரிகின்றன. உண்மையில் ஒவ்வொன்றும் வேறு காலத்தில், வேறு யாருடைய தேவைக்காகவோ பிறந்தது. அந்தக் கதை தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானாகவே தெளிந்துவிடும். அதனால்தான் இந்தப் பதிவு.

வெளியே பார்த்த முள்

முள் பட்டை மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டில் வர்ரோ என்ற ரோமானிய அறிஞர் விவசாயம் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்க்கு ஆணிகள் பதித்த தோல்பட்டை கட்டச் சொல்கிறார். ஓநாய் வந்தால் முதலில் கழுத்தைத்தான் கவ்வும், அதைத் தடுக்கத்தான் ஆணி. கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: ஆணியின் தலை நாயின் கழுத்தில் உறுத்தாமலிருக்க உள்பக்கம் மெத்தென்ற தோலை வைத்துத் தைக்க வேண்டும். அதாவது அந்த முள் நாய்க்குக் கவசம். அது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

நம் பக்கத்திலும் மந்தைக்காகப் போராடிய நாய் ஒன்று உண்டு. மாமல்லபுரத்தை ஆண்ட அதே பல்லவர்கள் காலத்தில், முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சியில் (7-ஆம் நூற்றாண்டு) எழுந்த எடுத்தனூர் நடுகல் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. கால்நடைகளைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனுக்கான கல் அது. அவனோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் உருவமும் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1,400 வருடத்துக்கு முன்பு ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்!

முள் உள்ளே திரும்பியது

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரங்களில் போலீஸ் வேலைக்கு நாய்களைப் பழக்கத் தொடங்கினார்கள். ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் 1906-இல் இந்த வேலையில் இறங்கியவர் கொன்ராட் மோஸ்ட் என்ற போலீஸ் அதிகாரி. 1910-இல் அவர் எழுதிய பயிற்சி நூல் பல தலைமுறைகளுக்குப் பாடப்புத்தகம் ஆனது. பரிசும் தண்டனையும் உடனுக்குடன் வர வேண்டும் என்பதை அப்போதே புரிந்துகொண்டவர் அவர். ஆனால் அந்த முறையில் வலுக்கட்டாயத்துக்குப் பெரிய இடம் இருந்தது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் குறிப்பிட்ட நாளுக்குள் வேலைக்குத் தயாரான நாய் வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு அந்த முறை வீட்டு நாய்களிடம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் ராணுவ நாய்களையும் பிறகு டிஸ்னி படங்களுக்கு விலங்குகளையும் பழக்கிய வில்லியம் கோலரின் புத்தகம் 1962-இல் வந்தது. பிரிட்டனில் 1980-இல் பிபிசி தொலைக்காட்சியில் பார்பரா வுட்ஹவுஸ் சோக் செயினோடு வந்து வீட்டுக்கு வீடு பிரபலமானார். நாய் முந்தினால் ஒரு சுண்டு, சங்கிலி இறுகும், நாய் பின்வாங்கும். முள் பட்டையும் இதே குடும்பம்தான். ஓநாயைத் தடுத்த முள் இப்போது நாயின் கழுத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

டால்பினுக்குச் சங்கிலி போட முடியுமா?

மாற்றம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பலன் கிடைக்கிற செயலை விலங்கு திரும்பச் செய்யும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1930-களில் ஆய்வகத்தில் விரிவாகக் காட்டினார். அவருடைய மாணவர்களான கெல்லர், மரியன் பிரிலண்ட் தம்பதி அதையே தொழிலாக்கிப் பல வகை விலங்குகளைப் பழக்கினார்கள். 1960-களில் ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் இந்த வழியைத்தான் பிடித்தார். வேறு வழியும் இல்லை, நீந்திப் போகிற டால்பினின் கழுத்தில் எதைக் கட்டிச் சுண்டுவது? அவர் 1984-இல் எழுதிய புத்தகம் நாய் வளர்ப்பவர்களிடம் பரவியது.

இந்தக் கண்ணோட்டத்தில் இழுப்பதற்கான காரணம் ரொம்ப எளிது. நாயின் இயல்பான நடை நம் நடையைவிட வேகம். இழுத்தால் நாமும் பின்னாலேயே போகிறோம், மோந்து பார்க்க நினைத்த கம்பம் கிடைத்துவிடுகிறது. இழுப்பு ஜெயிக்கிறது! ஆக, இழுக்கக் கற்றுக்கொடுத்ததே நாம்தான்.

தலைப்பட்டையும் ஹார்னஸும்

1980-களில் இழுப்பைக் குறைக்கும் தலைப்பட்டைகள் வந்தன. பிரிட்டனில் ரோஜர் மக்ஃபோர்டின் 'ஹால்ட்டி', அமெரிக்காவில் கால்நடை மருத்துவர் ஆண்டர்சனும் பயிற்சியாளர் ரூத் ஃபாஸ்டரும் உருவாக்கிய 'ஜென்டில் லீடர்'. தலை திரும்பினால் உடம்பும் திரும்பும் என்பது மாட்டை மூக்கணாங்கயிற்றில் பிடிக்கிற நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. இங்கே மூக்கைக் குத்துவதில்லை, அதுதான் வித்தியாசம்.

ஹார்னஸ் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. பனிப்பிரதேசங்களில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்குச் செய்த சேணம்தான் இதன் மூதாதை. அதாவது இழுப்பதற்கு வசதியாக! முதுகில் வளையம் உள்ள ஹார்னஸை மாட்டிவிட்டு 'இன்னும் ஜாஸ்தியா இழுக்குதே' என்றால் தவறு நாயுடையது இல்லை. பிறகு பரவிய இன்னொரு வகையில் வளையம் நெஞ்சில் இருக்கும். இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் நம்மை நோக்கித் திரும்பும், முன்னேற முடியாது.

ஆய்வும் சட்டமும்

2006-இல் வெளியான ஓர் ஆய்வில் 26 நாய்களைச் சோதித்தார்கள். கழுத்துப் பட்டையில் இழுவை விழும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடியது, ஹார்னஸில் கூடவில்லை. 2020-இல் பிரிட்டனில் செயற்கைக் கழுத்து மாதிரியை வைத்து அளந்தபோது, இழுத்தால் காயம் வராது என்று சொல்லத்தக்க கழுத்துப் பட்டை ஒன்றுகூட அகப்படவில்லை. 63 நாய்களோடு நடந்த 2014 ஆய்வில், மின்அதிர்ச்சிப் பட்டையால் பரிசு முறையைவிடக் கூடுதல் பலன் எதுவும் இல்லை என்று தெரிந்தது. வேல்ஸ் 2010-இலேயே அந்தப் பட்டையைத் தடை செய்துவிட்டது. மோஸ்ட்டின் ஜெர்மனியோ, 2022 ஜனவரி 1 முதல் பயிற்சியில் முள் பட்டையைத் தடை செய்திருக்கிறது!

நம் நாட்டுக் கதை கோவளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஈசிஆரில் வடக்கே போனால் திருவான்மியூர், அங்கே கலாக்ஷேத்ரா. அதை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அளவுக்கு மீறிக் குட்டையான, கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிப்போடுவது குற்றம். எப்போதும் கட்டிவைத்திருக்கும் நாய்க்குத் தேவையான நடை கொடுக்காமல் விடுவதும் குற்றம். முதல் முறைக்குத் தண்டம் 10 முதல் 50 ரூபாய் வரை, ஒரு டீ-வடைச் செலவு! தொகையை விடுங்கள், கருத்தைப் பாருங்கள். 23 மணி நேரம் கேட்டில் கட்டிக் கிடக்கும் நாய் மீதி ஒரு மணி நேரத்தில் இழுக்காமல் என்ன செய்யும்? அதற்கு எந்தப் பட்டையும் மருந்தில்லை.

சரி, எதை வாங்கலாம்?

1. பெரும்பாலான நாய்களுக்கு நெஞ்சில் வளையம் உள்ள ஹார்னஸ். அக்குளில் உரசாத அளவாகப் பார்த்து வாங்குங்கள். கடல்மணலும் உப்பும் ஒட்டினால் அலசிக் காயவையுங்கள்.

2. மிகப் பலசாலி நாய் என்றால் தலைப்பட்டை. சில நாள் தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய பிறகே மாட்ட வேண்டும். வாரைச் சுண்டவே கூடாது. பக் போன்ற மூக்குச் சப்பை நாய்களுக்கு இது ஒத்துவராது.

3. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒடுங்கிய தலை உள்ள நாய்களுக்குச் சாதாரண பெல்ட் தலைவழியே உருவிக்கொள்ளும். அகலமான பட்டை அல்லது சரியான அளவு ஹார்னஸ் நல்லது.

4. சோக் செயின், முள் பட்டை, மின்அதிர்ச்சிப் பட்டை வேண்டாம்.

5. வார் இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். இதுதான் முக்கியப் பயிற்சி, செலவும் கிடையாது. சில வாரம் ஆகும். தினமும் நடக்க வேண்டும்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி சொல்லிவிட்டு நாம் கையைக் கழுவிவிடுகிறோம். வாலை யார் நிமிர்த்தச் சொன்னது? கழுத்தை நெரிக்காமல் கூட நடந்தால் போதும். ஆணி நாயின் கழுத்தில் உறுத்தக்கூடாது என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். பட்டையைக் கையில் எடுக்கும்போது நாமும் அந்த உள்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வாங்கலாமே.