விகன் காசினோவும் தொலைக்காட்சிக் கேமராவும்

1977 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிரானடா தொலைக்காட்சி, 'திஸ் இங்கிலாந்து' என்னும் வரிசையில் ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடும் ஆவணப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. படத்தின் பெயர் 'தி விகன் காசினோ'. இயக்கியவர் டோனி பாமர். யாரைப் பற்றி அந்தப் படம் எடுக்கப்பட்டதோ அவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. சிலர் அதைத் துரோகம் என்றே கருதினர். ஆனால் கால்நூற்றாண்டு கழிந்தபின் அதே மனிதர்கள் அதே படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தனர். தம் பிள்ளைகளுக்கும் காட்டினர். இந்த மனமாற்றத்தை முதுமையின் ஏக்கம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளிவிட நமக்கு விருப்பமில்லை. உழைக்கும் மக்களின் கதையை யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்ற பழைய வழக்கு இதற்குள் இருக்கிறது.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுவோம். 'நார்தர்ன் சோல்' என்றால் வடக்கத்திச் சோல் இசை. ஆனால் அந்த இசை வடக்கு இங்கிலாந்தில் பிறந்ததன்று. பெயரும் வடக்கில் பிறக்கவில்லை. லண்டனில் கோவென்ட் கார்டன் பகுதியில் 'சோல் சிட்டி' என்ற இசைத்தட்டுக் கடை நடத்திய டேவ் காடின் வைத்த பெயர் அது. 1960களின் இறுதியில், கால்பந்தாட்டம் பார்க்க வடக்கிலிருந்து லண்டனுக்கு வந்த இளைஞர்கள் அவர் கடைக்கும் வந்தனர். அமெரிக்கக் கறுப்பின இசை அப்போது ஃபங்க் என்னும் புதிய திசைக்குத் திரும்பிவிட்டிருந்தது. வந்தவர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மோட்டவுன் பாணியில் வெளிவந்த, வேகத் தாளமும் உருக்கமான குரலும் கூடிய பழைய தட்டுகளையே கேட்டனர். அத்தகைய தட்டுகளைத் தனியே எடுத்துவைக்கும்படி பணியாளர்களுக்குச் சொல்ல ஓர் அடையாளச் சொல் வேண்டியிருந்தது. கடைக்குள் புழங்கிய அந்தச் சொல்லை 1970 இல் 'ப்ளூஸ் அண்ட் சோல்' இதழில் தம் பத்தியிலும் காடின் எழுதினார். நண்பர்தான், எனினும் வெளியிலிருந்து பார்த்தவர்.

அவர்கள் தேடிய பாடல்கள் பெரும்பாலும் தோற்றுப்போன பாடல்கள். டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களில் முளைத்த சிறு நிறுவனங்கள், மோட்டவுன் அடைந்த வெற்றியைக் கண்டு அதே வார்ப்பில் நூற்றுக்கணக்கான பாடல்களை வெளியிட்டன. பல அந்த ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. விற்காத தட்டுகள் கிடங்குகளில் தூசி படிந்து கிடந்தன. பத்தாண்டு கழித்து, கடல் கடந்து வந்த இங்கிலாந்து இளைஞர்கள் அந்தக் கிடங்குகளைக் கிளறினர். சொந்த நாட்டில் யாரும் சீந்தாத பாடல் மான்செஸ்டருக்கருகே ஆயிரம் பேரை ஆட வைத்தது. பாடியவர்களில் பலருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

மான்செஸ்டரின் 'ட்விஸ்டெட் வீல்' 1971 இலும், ஸ்டோக் நகரத்து டன்ஸ்டாலில் இருந்த 'டார்ச்' 1973 இலும் மூடப்பட்டன. அந்த 1973 ஆம் ஆண்டின் செப்டம்பர் 23 ஆம் நாள் விகன் காசினோவில் முதல் முழு இரவு ஆட்டம் தொடங்கியது. காசினோ என்றதும் சூதாட்ட விடுதியை எண்ண வேண்டாம். 'எம்ப்ரஸ்' என்ற பெயருடைய பழைய நடனக்கூடம் அது. விகன் நிலக்கரியும் பருத்தியும் வளர்த்த ஊர். 1937 இல் ஜார்ஜ் ஆர்வெல் அவ்வூரின் பெயரைத் தம் நூலின் தலைப்பில் வைத்த நாள் முதல், இங்கிலாந்தின் ஏழ்மைக்கு உவமை வேண்டும்போதெல்லாம் எழுத்தாளர்கள் விகனையே கைகாட்டினர். ஓர் ஊருக்கு இலக்கியம் செய்யும் தீங்குகளில் இதுவும் ஒன்று.

சனிக்கிழமை நள்ளிரவு கடந்து கதவு திறக்கும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு மூடும். மது கிடையாது. தோள்பையில் மாற்று உடையும் துண்டும் கொண்டு தொலைதூர ஊர்களிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் வந்தனர். கால் வழுக்கிச் சுழல மரத்தரையில் டால்கம் பவுடர் தூவினர். அகன்ற கால்சட்டை, ஒட்டிய மேற்சட்டை. சுழற்சி, பின்புறமாக விழுந்து எழுதல், காலை உயர வீசுதல் என்று ஆட்டத்துக்கு ஓர் இலக்கணமே இருந்தது. இணை சேர்ந்து ஆடுவதில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஆடினர். விடியும்வரை உடம்பு தாங்க ஆம்ஃபெட்டமைன் மாத்திரைகளை விழுங்கியவர்களும் பலர். இதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. திங்கட்கிழமை காலை மீண்டும் ஆலை, சுரங்கம், அலுவலகம்.

இந்தக் கூட்டத்தின் மனத்தைப் புரிந்துகொள்ள 'கவர்-அப்' என்னும் வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு டி.ஜே. அரிய தட்டு ஒன்றைக் கண்டெடுத்தால், அதன் நடுவிலுள்ள முகப்புச் சீட்டை வேறொரு தாளால் மூடி, பாடகருக்கும் பாட்டுக்கும் பொய்ப்பெயர் சூட்டுவார். போட்டியாளர்கள் அதே தட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிடக் கூடாது. கள்ளப் பதிப்பு அடிப்பவன் மோப்பம் பிடித்துவிடக் கூடாது. மோட்டவுன் நிறுவனத்தின் தயாரிப்பாளராயிருந்த ஃபிராங்க் வில்சன் 1965 இல் பாடிய 'டூ ஐ லவ் யூ' தட்டு இதற்குத் தக்க சான்று. அச்சிட்ட படிகள் கடைக்கு வராமலே அழிக்கப்பட்டன. எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அப்பாடல் விகனில் 'எடி ஃபாஸ்டர்' என்ற பொய்ப்பெயரோடு ஒலித்தது. 2009 இல் அதன் ஒரு படி 25,742 பவுண்டுக்கு விலைபோயிற்று. நம் தொகைநூல் தொகுத்தோர் பெயர் தெரியாத புலவரைச் செம்புலப்பெயல்நீரார் என்று அவர் பாடலின் தொடராலேயே அழைத்து வாழவைத்தனர். விகனிலோ பெயர் தெரிந்தே மறைத்தனர். மறைத்ததிலும் ஓர் அன்பு இருந்தது என்பதுதான் விசித்திரம்.

ஆக, ஒளித்துவைப்பதையே அறமாகக் கொண்ட ஒரு கூட்டத்தின் நடுவில்தான் தொலைக்காட்சி நுழைந்தது. அதற்கு முன்பே ஒருமுறை சூடுபட்டிருந்தனர். 1975 இல் 'விகன்ஸ் சோசன் ஃபியூ' என்ற பெயரில் 'ஃபுட்ஸீ' என்றொரு தட்டும், 'விகன்ஸ் ஒவேஷன்' என்ற குழுவின் 'ஸ்கீயிங் இன் தி ஸ்னோ' தட்டும் விற்பனைப் பட்டியலில் ஏறின. பி.பி.சி.யின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் விகன் ஆட்டம் வேடிக்கைப் பொருளாயிற்று. அரிய தட்டுக்காகக் கூலியைச் சேர்த்துவைத்தவனுக்கு, வெள்ளையர் குழுவொன்று பாடிய நகல் பாட்டு தன் ஊர்ப்பெயரோடு கடைகளில் குவிந்தது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டோனி பாமர் சாதாரணமானவர் அல்லர். 1968 இல் 'ஆல் மை லவ்விங்' என்ற படத்தின் மூலம் ராக் இசையைத் தீவிரமான கலையாகப் பி.பி.சி. பார்வையாளர்முன் வைத்தவர். வெகுமக்கள் இசையின் வரலாற்றை 17 பாகங்களாக 'ஆல் யூ நீட் இஸ் லவ்' என்ற தொடராக எடுத்தவர். அவர் விகனில் கண்டது என்ன? ஆடுகிற உடம்புகளை ஒருபுறம் வைத்தார். மறுபுறம் பழைய ஆலைகளின் படங்களையும், முந்தைய தலைமுறை பட்ட பாட்டைச் சொல்லும் முதியோரின் குரலையும் வைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டி ஒட்டினார். தறி ஓடிய ஊரில் தறி நிற்கிறது, பிள்ளைகள் இரவெல்லாம் ஆடுகிறார்கள் என்பது அந்தத் தொகுப்பின் பொருள். கிரானடா மான்செஸ்டரிலிருந்து இயங்கிய நிறுவனம். வடக்கத்தித் தொழிலாளர் வாழ்வைத் திரையில் வைப்பதில் அதற்கு நீண்ட பழக்கம் உண்டு. எனவே, லண்டன்காரர்கள் வந்து கேலி செய்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே முழுதும் பொருந்தாது. படத்தில் கேலி இல்லை. பரிவுதான் இருக்கிறது. சிக்கலும் அந்தப் பரிவில்தான்.

ரசிகர்களின் முதற்சினம் விளக்குகளின் மேல். மங்கலான வெளிச்சத்தில், தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் ஆடிய கூட்டத்தின்மேல் படப்பிடிப்பு விளக்குகள் எரிந்தன. அந்த இரவு வழக்கமான இரவாக இல்லை என்றும், விவரம் தெரிந்த பழைய ஆட்கள் ஒதுங்கிக்கொண்டனர் என்றும் அக்காலத்தவர் நினைவுகூர்வதுண்டு. மாத்திரைகளால் காவல்துறையின் பார்வை எப்போதும் அந்தக் கூட்டத்தின்மேல் இருந்தது. முகம் திரையில் வருவதை விரும்பாதவர்களுக்கு வலுவான காரணம் இருந்தது. ஒளிபரப்புக்குப் பின் எழுந்த முறையீடு வேறு. படம் பார்த்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூடத்தை நிறைத்தனர், பாட்டும் தெரியாது ஆட்டமும் தெரியாது, காசினோவின் சரிவு அங்கே தொடங்கியது என்றனர். இந்தக் கணக்கை நாம் அப்படியே ஏற்கத் தயங்குகிறோம். சரிவுக்குக் காரணங்கள் வேறும் இருந்தன. புதிதாகக் கண்டெடுக்க நல்ல பழைய தட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. பழையதை மட்டும் வைத்துக்கொள்வதா, 1970களின் புதுத் தட்டுகளையும் ஏற்பதா என்று விகன் கட்சிக்கும், இயான் லெவைன் தட்டுச் சுழற்றிய பிளாக்பூல் மெக்கா கட்சிக்கும் நடந்த சண்டை, படம் வருவதற்கு முன்பே கூட்டத்தைப் பிளந்திருந்தது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு மனத்தாங்கல் இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. அவர்களைப் படம் விளக்கியது. ஏன் ஆடுகிறாய் என்று கேட்டால், அந்த இளைஞன் ஒரு பாட்டின் பெயரைச் சொல்வான், அது எந்த நிறுவனத்தின் எத்தனையாவது தட்டு என்று சொல்வான். படமோ அவனுக்குப் பின்னால் புகைபோக்கியைக் காட்டியது. நீ ஆடுவதன் காரணம் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்ற தொனி அதில் ஒலித்தது. பகுப்பாய்வு பிழை என்று நாம் சொல்லவில்லை. 1972 இலும் 1974 இலும் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். 1974 இன் தொடக்கத்தில் மின்சாரத் தட்டுப்பாட்டால் வாரத்துக்கு மூன்றே நாள் வேலை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்தன. அந்த வாழ்வுக்கும் அந்த ஆட்டத்துக்கும் தொடர்பில்லை என்று யாரும் வாதிட முடியாது. எனினும், தன் ஒரே களிப்பை நோயின் அறிகுறியாக ஒருவர் எடுத்துக்காட்டும்போது கோபம் வருவது இயல்பு. விகன்காரர்களுக்கு அது ஆர்வெல் காலத்திலிருந்தே பழகிய அவமானம்.

படத்தின் மெய்யான குறை ஒன்றைக் கோபத்தில் பலரும் கவனிக்கவில்லை. ஆலை இருக்கிறது, ஆடுபவர் இருக்கிறார், பாடியவர் எங்கே? டெட்ராய்ட்டும் ஒரு தொழிற்சாலை நகரம். மோட்டார் வண்டி ஆலைகளின் ஊரில் கறுப்பினத்தார் பாடிய பாட்டுக்குப் பருத்தி ஆலைகளின் ஊரில் வெள்ளை இளைஞர்கள் ஆடினார்கள். அவர்கள் அணிந்த சின்னத்திலிருந்த முட்டி மடக்கிய கை, அமெரிக்கக் கறுப்பின எழுச்சியிலிருந்து வந்த கை. இந்த உறவைப் பற்றிய படம் ஒன்று அந்த அரைமணிக்குள் ஒளிந்திருந்தது. பாமர் அதை எடுக்கவில்லை. ஜாக்கி வில்சன், எட்வின் ஸ்டார் போன்றோர் காசினோ மேடைக்கே வந்து பாடியவர்கள். எட்வின் ஸ்டார் இங்கிலாந்திலேயே குடியேறி 2003 இல் அங்கேயே மறைந்தார்.

1981 டிசம்பர் 6 அன்று காசினோவின் கடைசி இரவு. ஒவ்வொரு வாரமும் எட்டு மணிக்கு முன் ஒலிக்கும் மூன்று பாடல்கள் உண்டு: ஜிம்மி ராட்கிளிஃப், டோபி லெஜெண்ட், டீன் பாரிஷ் ஆகியோர் பாடியவை. அன்று அவை முடிந்தும் கூட்டம் கலையவில்லை. மீண்டும் மீண்டும் போட்டனர். இறுதியில் டி.ஜே. ரஸ் வின்ஸ்டான்லி வைத்தது ஃபிராங்க் வில்சனின் தட்டு. அதற்குள் அவருடைய உண்மைப்பெயர் ஊரறிந்துவிட்டது. 1979 இல் அந்தப் பாட்டு இங்கிலாந்தில் முறையாகவே வெளிவந்திருந்தது. நகராட்சிக்கு அந்த இடம் வேண்டியிருந்தது என்பது மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணம். பின்னர்க் கட்டடம் தீப்பற்றியது, இடித்துத் தள்ளினர்.

அதன்பிறகுதான் படத்தின் மதிப்பு மாறியது. கையடக்கக் கருவியில் எவரும் எதையும் படம் பிடிக்கும் காலமன்று அது. கூடத்துக்குள் ஆட்டம் நிகழ்ந்ததைக் காட்டும் அசையும் படம் என்று சொல்லத்தக்கதாக, பாமர் எடுத்ததை விட்டால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அன்று வெறுத்த விளக்குகள்தான் இன்று தரையைக் காட்டுகின்றன. பழைய ரசிகர்கள் படத்தைப் பார்க்கும்போது ஆலைக் காட்சிகளை வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். கால்களில் நிறுத்துகிறார்கள், மேல்மாடத்து முகங்களில் நிறுத்துகிறார்கள். இயக்குநரின் வாதத்தை அவர்கள் இன்றும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. வாதத்தைக் களைந்துவிட்டுப் பிம்பத்தை எடுத்துக்கொண்டார்கள். முகப்புச் சீட்டின்மேல் வேறு தாள் ஒட்டிப் பழகிய கைகளல்லவா!

2014 இல் எலைன் கான்ஸ்டன்டைன் 'நார்தர்ன் சோல்' என்ற கதைப்படத்தை எடுத்தார். அவர் அந்த வட்டத்திலேயே வளர்ந்தவர். நடிக்க வந்த இளைஞர்களுக்கு ஆட்டம் முறையாகக் கற்பிக்கப்பட்ட பின்பே படப்பிடிப்பு நடந்தது. கூடத்துக்குள் இருந்த ஒருவர் கேமராவைப் பிடிக்க நாற்பதாண்டு ஆயிற்று. காசினோ நின்ற இடத்தில் 2007 இல் 'கிராண்ட் ஆர்கேட்' என்ற வணிக வளாகம் திறக்கப்பட்டது. சனிக்கிழமைகளில் அங்கே இப்போதும் கூட்டம் உண்டு. மாலையில் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.