குன்றிமணி எடை நரிவெங்காயம்

மதுரை கீழமாசி வீதியில், தேர்முட்டிப் பக்கம் இருக்கும் நாட்டு மருந்துக் கடைகளில் இருமலுக்கு என்று கேட்டால் அதிமதுரம், சித்தரத்தை, திப்பிலி, கண்டங்கத்திரி எடுத்துத் தருவார்கள். என் சின்ன வயதில் அந்த வரிசையில் நரிவெங்காயமும் இருந்தது. அப்பா அங்கே ஒரு கடையில் சரக்கு நிறுத்துப் பொட்டலம் மடித்தவர். நான் படித்துக் கம்பவுண்டராகி, அரசு ஆஸ்பத்திரிகளில் மிக்சர் கலக்கினேன். அவருடைய தகர டப்பாவில் கிடந்த வற்றலும், என் அலமாரியில் 'டிங்சர் சில்லா' என்று சீட்டு ஒட்டி நின்ற புட்டியும் ஒரே இனத்துச் சரக்கு.

மதுரையைச் சுற்றி மணல் கலந்த தரிசுகளிலும் குன்றுகளின் அடிவாரத்திலும் இது தானாக வளரும். பங்குனி, சித்திரை வெயிலில் இலை ஒன்றுகூட இல்லாமல் ஒரு தண்டு மட்டும் நெடுநெடுவென்று எழும்பும். பூ அந்தி சாய்ந்து விரிந்து விடிவதற்குள் வாடிவிடும். இலை அதற்குப் பிறகுதான். பூத்து முடிந்ததும் தோண்டுகிற கிழங்குக்குத்தான் வீரியம். அப்பா எலுமிச்சை அளவுக்கு மேற்பட்டதை வாங்கமாட்டார். மேல்தோலை உரித்து, நடுக்குருத்தை எடுத்துப் போட்டுவிட்டு, குறுக்காக அரிந்து காயவைப்பார்கள். அரிகிறவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். சாற்றில் ஊசி ஊசியாகப் படிகங்கள் உண்டு, பட்ட இடம் அரிக்கும். காய்ந்த வில்லை மஞ்சளோடி, கொம்பைச் சீவியது மாதிரி வளைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் மங்கலாகத் தெரியும். நாக்கில் வைத்தால் கசப்பு தொண்டை வரைக்கும் இறங்கும்.

இதற்கு ஈரம் ஆகாது. இருமல் மிகுவதோ ஐப்பசி, கார்த்திகை மழையில். முன்கூட்டியே இடித்து வைத்த தூள் அந்த நாட்களில் கட்டி தட்டிப் போகும். அதனால் அப்பா ஆள் வந்து கேட்ட பிறகுதான் வில்லையை வறுத்து இடிப்பார். டப்பாவின் அடியில் துணியில் முடிந்த சுண்ணாம்புக் கட்டி கிடக்கும். பின்னாளில் நான் படித்த ஆங்கில மருந்து நூலும் இந்தத் தூளைச் சுண்ணாம்பின் மேல் ஈரம் படாமல் வைக்கச் சொன்னது.

அளவிலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போயின. வெள்ளைக்காரன் நூலில் ஒரு வேளைக்கு 1 முதல் 3 கிரெயின். அப்பா தராசின் ஒரு தட்டில் குன்றிமணி ஒன்றை வைப்பார். அதன் எடை ஏறக்குறைய 2 கிரெயின். தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்லுவார். கொடுப்பதற்கு முன்பு கேள்விகள் வரும்: "யாருக்குத்தா? வயசென்ன? வறட்டிருமலா, சளி கட்டியிருக்கா? நெஞ்சு படபடப்பு உண்டா? பிள்ளத்தாச்சியா?" கடைசி இரண்டில் எதற்கு ஆமாம் என்றாலும் டப்பா திறக்காது. இந்தக் கேள்விகள்தான் மருந்து என்று நான் நம்புகிறேன். நரிவெங்காயம் குறைந்த அளவில் வயிற்றைச் சற்றே உறுத்தும். அந்த உறுத்தல் நரம்பு வழியே போய் மூச்சுக்குழாயில் நீர் சுரக்கச் செய்து, கெட்டிச் சளியை இளக்கும். கூடினால் வாந்தி. இன்னும் கூடினால் டிஜிடாலிஸ் போல இதயத்தையே பிடித்துவிடும். மத்தியதரைக் கடலோரத்துச் செந்நிற வகையை எலி விஷமாகவே விற்றார்கள்.

அந்தக் கடலோரத்து நரிவெங்காயத்தைக் கிரேக்க வைத்தியர்கள் புளிக்காடியிலும் தேனிலும் போட்டுக் கொடுத்தார்கள். ஐரோப்பிய மருத்துவம் அதைக் கைவிடாமல் வைத்திருந்தது. கும்பினி ஆட்சியோடு அதுவும் இங்கே கப்பலேறி வந்தது. நம் தரிசில் கிடப்பதும் அதற்குச் சமமானது என்று ஏற்றுக்கொள்ள வெள்ளைக்காரர்களுக்கு வெகுகாலம் பிடித்தது. சென்னை ராஜதானியில் டாக்டராக இருந்த வைட்லா ஐன்ஸ்லி 1813-இல் சென்னையிலேயே மருந்துச் சரக்கு நூல் அச்சிட்டு, கடைவீதிச் சரக்குகளைத் தமிழ்ப் பெயரோடு பதிந்தார். 1868-இல் எட்வர்டு வேரிங் தொகுத்த இந்திய மருந்து நூலில் நம் நரிவெங்காயத்துக்கு இடம் கிடைத்தது. மறு ஆண்டே திருவல்லிக்கேணி மருத்துவர் மொகிதீன் ஷெரீப் அதற்குத் துணைநூல் எழுதி, சரக்குகளுக்கு நாட்டு மொழிப் பெயர்களைத் தொகுத்தார். அந்த வேலையின் அருமை கடையில் நின்றவனுக்குத்தான் தெரியும். இதே பெயரில் வேறொரு சிறிய கிழங்கும் சந்தைக்கு வரும். பெயரையும் சரக்கையும் பொருத்திப் பார்க்காமல் மருந்து கொடுக்க முடியாது. 1933-இல் வந்த ராம்நாத் சோப்ராவின் நூல், சீமைச் சரக்குக்கு நம்முடையது சளைத்ததல்ல என்று சொன்னது.

என் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்தே காலிச் சீசா கொண்டுவருவார்கள். காகிதத்தை வேளைக்கு ஒரு வெட்டாக வெட்டிச் சீசாவின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்போம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வெட்டைப் பார்த்துக் குடிக்கலாம். லண்டன் டாக்டர் சாமுவேல் ஜீ பெயரில் ஒரு இருமல் மருந்து உண்டு: நரிவெங்காயக் காடித்தேன், அபின் சாரம், தோலு பிசின் பாகு. குடித்தவர் இரவு முழுக்கத் தூங்குவார். அதில் பாதிப் புண்ணியம் அபினுக்கு.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது இருமலுக்கு 'பெய் பா கோவா' என்ற கரும்பாகு கொண்டுவருகிறார்கள். சீனத்துச் சிச்சுவான் மலையில் விளையும் சுவான்பெய் என்ற கிழங்கு அதில் சேர்கிறது. முழுக் கிழங்கே ஒரு பட்டாணிதான். பெரிய இதழ் ஒன்று சின்ன இதழைக் கட்டிக்கொண்டிருக்கும். அதைப் பேரிக்காயோடு ஆவியில் வேகவைத்து வறட்டிருமலுக்குக் கொடுப்பது சீன வீடுகளின் வழக்கம். சுவான்பெய்யின் இனம் நம் இமயமலையிலும் உண்டு. இருமலை அது அடக்கும். நம்முடையது சளியைக் கிளப்பும். வேலையே வேறு.

நரிவெங்காயம் அலமாரியை விட்டுப் போனதற்கு நான் வருந்தவில்லை. குணம் செய்கிற அளவும் கெடுக்கிற அளவும் இத்தனை நெருங்கி நிற்கிற மருந்தை, அதைவிடப் பத்திரமானது கிடைத்த பிறகு கொடுக்கக் கூடாது. 1960களில் வந்த பிரோம்ஹெக்ஸின் மாத்திரை நம் வேலியோரத்து ஆடாதோடையின் சத்தை அடியொற்றிச் செய்தது. அதற்கு இந்தப் பயம் இல்லை. எனக்கு மனத்தாங்கல் ஒன்றே ஒன்று. குன்றிமணி வைத்து நிறுத்தவர்கள், கேள்வி கேட்டு டப்பாவை மூடியவர்கள் பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை.

தேர்முட்டிக் கடைகளில் நரிவெங்காயம் இன்றும் கிடைக்கும். கால் ஆணிக்குச் சுட்டுப் பிளந்து, சூடு பொறுக்கும் பதத்தில் வைத்துக் கட்டுவதற்காகத்தான் வாங்குகிறார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவரின் மகன் இப்போது கல்லாவில் இருக்கிறார். "காலுக்கா, உள்ளுக்கா?" என்று கேட்கிறார். உள்ளுக்கு என்று சொன்னால் அதிமதுரத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.