ஹெக்ஸாவேலண்ட்: உதிரக் கூடாத ஒரு பெயரடை

இராணிப்பேட்டையின் நிலத்தடி நீரைப் பற்றிய ஆய்வறிக்கைகளில் ‘ஹெக்ஸாவேலண்ட் குரோமியம்’ என்ற தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. அது செய்தியாகும்போது முதற்சொல் உதிர்ந்து, ‘குரோமியம் கலப்பு’ என்பதே எஞ்சுகிறது. அம்மாவட்டத்தின் நெமிலியிலோ வாலாஜாவிலோ அதைப் படிப்பவர் அறிய வேண்டியது உதிர்ந்த அந்தப் பெயரடையைத்தான்.

‘ஹெக்ஸா’ என்றால் கிரேக்கத்தில் ஆறு. ‘வேலண்ட்’, வலிமை பெற்றிருத்தலைக் குறிக்கும் ‘வலேரே’ என்ற இலத்தீன் வினையின் வழிவந்தது. ‘வேல்யூ’, ‘வேலிட்’ ஆகிய சொற்களுக்கும் அதுவே வேர். இருமொழி ஒட்டான இச்சொல்லை ‘ஆறு இணைதிறன் கொண்ட’ என்று தமிழில் சொல்லலாம். ஆறு வகைப் பாதுகாப்பை ஒரே ஊசியில் தரும் தடுப்பு மருந்துக்கும் இதே அடைமொழி உண்டு. அங்கே அது எண்ணிக்கையைச் சுட்டுகிறது. குரோமியத்திலோ அணுவின் நிலையைச் சுட்டுகிறது.

1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் கண்டறிந்த இத்தனிமத்துக்கு, நிறம் எனப் பொருள்படும் ‘குரோமா’ என்ற கிரேக்கச் சொல்லால் பெயர் அமைந்தது. அந்த நிறமே இங்கு வேறுபாட்டையும் காட்டுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் ஆலைகளில் தோலை ‘வெட் புளூ’ என நீலமாக்குவது மூன்று இணைதிறன் குரோமியம். அது நீரில் எளிதில் பரவாது, நச்சுத்தன்மையும் குறைவு. ஆறு இணைதிறன் கொண்டது மஞ்சள். நீரில் எளிதில் கரைந்து நெடுந்தொலைவு செல்லும். புற்றுநோய் விளைவிப்பது என உறுதி செய்யப்பட்டது. இராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, இலட்சம் டன்னைத் தாண்டும் கழிவுக் குவியலிலிருந்து கசிவது இந்த மஞ்சள்தான்.

தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் தனி வரம்பு விதித்துள்ளது. நமது குடிநீர்த் தரநிலையோ, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என மொத்தக் குரோமியத்துக்கே வரம்பு கூறுகிறது. வரம்பு மீறப்பட்டதா என்பதை அந்த எண் சொல்லும். மீறியது எந்தக் குரோமியம், எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. மொத்த அளவோடு ஆறு இணைதிறன் அளவையும் தனியே வெளியிடுவது அதிகாரிகளின் கடமை. அந்தப் பெயரடையை உதிர்க்காமல் அச்சிடுவது செய்தியாளர்களின் கடமை.